லேபிள் உரிந்த மீன் டின்

போர்ட் பிளேயர் மின்னி பே கடையில் நேற்று நான் கூடையில் போட்ட மீன் டின்னை என் மகன் எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தான். "கடலை எதிர்ல வெச்சுக்கிட்டு டின்னு மீனாம்மா? அதுல என்ன சத்து இருக்கு? தாஜா மச்சி, புது மீனாவே வாங்கிக்கலாம், சலோ." நான் அதையே மறுபடி எடுத்துக் கூடையில் போட்டேன், துணைக்கு இன்னொன்றையும் சேர்த்து. வீம்பு என்று வந்துவிட்டால் எனக்கு வயது தெரியாது.

சத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறான்! டின்னுக்குள் இருப்பதும் கடலில் நீந்திய மத்திதானே. டின்னிலேயே வெந்துவிடுவதால் முள்ளெல்லாம் மெத்தென்று நொறுங்கும். முள்ளோடு மென்றால் அத்தனையும் சுண்ணாம்புச் சத்து. மீனின் புரதமும் நல்ல எண்ணெயும் டின்னை விட்டு எங்கே ஓடப் போகின்றன? உப்பு கொஞ்சம் கூடுதல், ரத்தக்கொதிப்புக்காரர்கள் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி யாராவது அதைக் குறை சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும்.

லாங் ஐலண்டில் நான் டீச்சராக இருந்த நாட்களில், மழைக்காலக் கடல் கொந்தளித்தால் டிங்கிப் படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். போர்ட் பிளேயரிலிருந்து கப்பலும் வராது. சுற்றிலும் கடல், சட்டியில் மீன் இல்லை, நம்புவீர்களா? அப்போது டின்தான் கைகொடுக்கும். வெங்காயத்தோடு பிரட்டினால் சோற்றுக்கு ஆச்சு, புளி கரைத்து ஊற்றினால் குழம்பு, உருளைக்கிழங்கோடு பிசைந்து பொரித்தால் விருந்தாளிக்கு. காலி டின்னில் அரிசி அளப்போம், மிளகாய் நாற்று வளர்ப்போம். ஒரே தொல்லை, ஈரத்தில் லேபிள் உரிந்துவிடும். எது மீன், எது பால் என்று காதருகே ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள் அந்த ஊர்க்காரர்கள். எனக்கு மட்டும் அந்த வித்தை கடைசிவரை வரவில்லை.

முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. மறுபடி உண்டாகி ஏழாம் மாதம். ரத்தம் குறைவு, நன்றாகச் சாப்பிடுங்கள் என்றார்கள் டிஸ்பென்சரியில். கப்பல் வந்தால்தானே சாப்பிட! இதுவும் போய்விடுமோ என்ற பயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை. அந்த மழையில்தான் வளைகாப்பு. பாயசத்துக்குப் பால் டின் என்று நானே ஆட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் செல்லம்மா அதைத் திறந்தாள். உள்ளே தக்காளிச் சாற்றில் மத்தி.

கூடம் முழுக்க மீன் வாசனை. எனக்குப் போடக் கையில் எடுத்த வளையலை ஓவர்சியர் மனைவி தட்டிலேயே வைத்துவிட்டார். "மங்கள காரியத்துல செத்த மீனா? போன தடவையே தங்கலை. அபசகுனம்ங்க இது." எல்லோர் முன்னாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

செல்லம்மாவைப் பெற்றவர்கள் சிலோன் தேயிலை மலையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். அவளுக்கு மட்டும் எந்த அதிர்ச்சியும் இல்லை. "ஏங்க, நாம என்ன மீனை உசுரோடயா திங்கிறோம்? எங்க தோட்டத்து லயத்து வீட்டுல டின் மீன் ஒடைச்சாலே அன்னிக்கு விசேஷம்" என்றாள். வெங்காயம், பச்சைமிளகாய் நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து அங்கேயே சம்பல் பிசைந்தாள். "வாயத் தொறங்க டீச்சர். பிள்ளைக்கு எலும்பு வேணும்."

முதல் வாயை அழுதுகொண்டே வாங்கினேன். இரண்டாவது வாயில் பசி தெரிந்தது. மூன்றாவதற்குள் கிண்ணத்தையே என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "தங்கும். பாத்துக்கிட்டே இருங்க" என்று ஓவர்சியர் மனைவியின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அத்தோடு விட்டேனா? பிரசவம் வரை அவர் கடைக்குப் போகும் நேரம் பார்த்து, வாசலில் உட்கார்ந்து டின் மீன் சாப்பிட்டேன். பிறந்தவன்தான் இன்று டின்னில் சத்தில்லை என்கிற ஆறடி ஆள். மீன்தான் அவனைக் காப்பாற்றியது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. என் பயத்தை விரட்டியது அந்த ஒரு கிண்ணம்தான், அதை யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

செல்லம்மா போய்விட்டாள் என்று சென்ற வருடம் அவள் மகள் போனில் சொன்னாள். நான் லாங் ஐலண்டுக்குக் கப்பல் ஏறினேன். காட்டில் மரம் வெட்டும் வேலை நின்று, ஆட்கள் ஊரை விட்டுப் போய், எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் காடு ஏறியிருந்தது. கூரை இல்லை. அடுக்களையின் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். அதில் உட்கார்ந்து, கையோடு கொண்டுபோன மீன் டின்னைத் திறந்தேன். வழிகாட்ட வந்த டிங்கிக்காரர் பதறினார். "ஆன்ட்டி, யஹாங் சாப் ஹோகா! ஹோட்டல் சலியே." பாம்பு இருந்தால் அதுவும் ஒரு வாய் சாப்பிடட்டும் என்றேன்.

வெங்காயம் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து பிசைந்தேன். வாயத் தொறங்க என்று சொல்ல ஆள் இல்லை. நானே அள்ளிப் போட்டுக்கொண்டேன், முள்ளோடு.