பரதனைப் பெற்றவள்

மாங்காட்டுக்கு மேற்கே ஒரு சிற்றூரில், திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்தால் சேரி ஜனங்கள் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் கேட்க வேண்டும். கெங்கம்மாளும் கைப்பிள்ளையோடு அப்படித்தான் நின்றாள். காட்டில் மணந்த சகுந்தலையை அரசன் சபையில் வைத்து, யாரென்றே தெரியாது என்கிறான். ‘உன் பிள்ளைதான், ஏற்றுக்கொள்’ என்று வானத்திலிருந்து குரல் வருகிறது. அந்தப் பிள்ளைதான் பரதன். ஐயர் சங்கல்பத்தில் பரத கண்டம் என்று சொல்வதும் அவன் பெயரால்தான் என்றார் பிரசங்கியார்.

அந்தக் கதை படிக்கிற அன்று கைப்பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பது ஊர் வழக்கம். உள்ளே இருந்த குழந்தைகளுக்கு மஞ்சளரிசி தூவினார்கள். வெளியே நின்றவள் தன் மகன் காதில் தானே ‘பரதன்’ என்று சொன்னாள். ஊரே சிரித்தது. பண்ணைக்காரர் மகன் வீரராகவன் மட்டும் சிரிக்கவில்லை. களத்துமேட்டில் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்த மகானுபாவன் அவன்தான். பிள்ளை வயிற்றில் என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பிள்ளை வளர்ந்தான். “எங்கப்பன் ஆரும்மா? எல்லாரும் கேக்கறானுங்க” என்று ஒருநாள் அழுதுகொண்டு வந்தான்.

உப்புக்காக ஜனங்கள் ஜெயிலுக்குப் போன காலம். வீரராகவனும் கதர் கட்டிக்கொண்டு, பூந்தமல்லிக் கடைத்தெருவில் கொடி பிடித்து, ‘பாரத மாதாவுக்கு ஜே’ என்று முழங்கிக்கொண்டு வந்தான். கெங்கம்மாள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றாள்.

“ஆண்டே, பாரதம்னு கூவிகினு வர்றீங்களே, அது ஆரு பேர்ல வந்துதுன்னு பிரசங்கியாரு சொல்லச்சொல்ல நீங்களும் குந்திகினுதானே கேட்டீங்க? அந்தப் புள்ளையையும் அப்பங்காரன் தெரியாதுன்னுதான் சொன்னான். இவன இன்னா சொல்றீங்க?”

“யாரும்மா நீ? எனக்குத் தெரியாதே” என்றான் வீரராகவன்.

அவள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். வெயில்தான் கொளுத்தியது. கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“இவன் வீரராகவன் புள்ள!”

பண்ணை வீட்டாரை ஒரு சேரிப் பெண் பெயர் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. பின்னாலிருந்தவர்கள் ‘பாரத மாதாவுக்கு’ என்று எடுத்துக் கொடுத்தார்கள். வீரராகவனுக்கு ஜே சொல்ல வாய் வரவில்லை.

கெங்கம்மாளுக்குப் பண்ணையில் வேலை போயிற்று. பாடிப் பக்கம் செங்கல் சூளையில் மண் மிதித்து மகனை ஆளாக்கினாள். தேசத்துக்கு விடுதலை வருமுன்னே அவள் போய்ச் சேர்ந்தாள். சுடுகாட்டில் கொள்ளியைக் கையில் கொடுத்த வெட்டியான், “இன்னார் புள்ளன்னு சொல்லிட்டு வைப்பா” என்றான்.

பரதன் தயங்கவே இல்லை.

“கெங்கம்மா புள்ள.”