கை டீச்சர் மேல் வந்த புகார்

எங்கள் பிரிவுக்கு வருகிறவர்கள் வாசலில் உள்ள பலகையைப் படித்துவிட்டு முதலில் என் மேஜைக்குத்தான் வருவார்கள். ‘ஆக்குபேஷனல் தெரபி – தொழில்வழிச் சிகிச்சை’ என்று அதில் எழுதியிருக்கும். “வேலை வாங்கித் தர்ற இடமா சார் இது?” என்று கேட்டவர்கள் உண்டு. ஒருவர் மகனுடைய சான்றிதழ்களையே எடுத்து நீட்டிவிட்டார். பக்கவாதத்திலோ விபத்திலோ விழுந்துபோன கைக்குச் சட்டை மாட்டவும் சாப்பிடவும் தலை வாரவும் மறுபடி சொல்லிக்கொடுக்கிற இடம் இது என்று விளக்கி விளக்கி என் தொண்டைத் தண்ணீர் வற்றியது. அந்த ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடம் நோயாளிகளின் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டவன் நான்.

சொல்லிக்கொடுத்தவர் கை டீச்சர். அந்தப் பெயரை வைத்தது ஒரு லாரி டிரைவர். மூன்று விரல் நசுங்கி வந்தவர், பொத்தான் போட முடியாத ஆத்திரத்தில் சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்தார். இவர் போய் எடுத்து வந்து அவர் மடியில் வைத்தார். “மறுபடி முதல்ல இருந்து. ஒண்ணாங்கிளாஸ்ல எழுத்து ஒரே நாள்லயா வந்துச்சு?” என்றார். “சரிங்க, கை டீச்சர்” என்று அவர் முறைத்துக்கொண்டே சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. யாராவது ‘டாக்டர்’ என்று கூப்பிட்டால் மட்டும் டீச்சர் பதறிவிடுவார். “அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. கவுன்சில்ல கேட்டா என் உரிமம் போயிடும்.”

அந்தக் கவுன்சிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரசு சட்டம் போட்டு அமைத்தது அது. அதன் உரிமம் இல்லாமல் யாரும் இந்தச் சிகிச்சையைச் செய்யக் கூடாது. டாக்டரின் கடிதம் இல்லாமல் ஒரு கையையும் தொடக் கூடாது. அன்றன்று செய்ததை அதற்கென்று உள்ள படிவத்தில் எழுத வேண்டும். சொந்தக்காரர்களுக்குச் சிகிச்சை கொடுக்கக் கூடாது. ஒன்றும் அநியாயமான விதிகள் இல்லை. அந்தச் சட்டம் வர வேண்டும் என்று கையெழுத்து வாங்கி அலைந்தவர்களில் டீச்சரும் ஒருவர். சிம்பு கட்டுகிறேன் என்று வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக்கை ஆறவிடாமல் ஒரு குழந்தையின் மணிக்கட்டில் சுற்றிப் புண்ணாக்கி வைத்த போலி ஒருத்தனை அவர் பார்த்திருந்தார். “இவனை எல்லாம் உள்ள விடாம இருக்க ஒரு கதவு வேணும் சார்” என்று அப்போது என்னிடம் சொன்னார்.

டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு தெரு தள்ளி அண்ணன் குடும்பம். அண்ணன் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் சூப்பர்வைசர். அண்ணி நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட். டீச்சருக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது அந்த வீட்டுக்கு வந்தவர் அண்ணி. கல்லூரிக்கு எழுத வேண்டியதை எல்லாம் அண்ணிதான் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார். உரிமத்துக்கான விண்ணப்பத்தையும்கூட. “என் நாத்தனார் பேருக்குப் பின்னாடி எழுத்து வரப்போகுது” என்று கோர்ட்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

நாற்பத்தாறு வயதில் அந்த அண்ணிக்குப் பக்கவாதம் வந்தது. காலும் பேச்சும் சீக்கிரம் தேறிவிட்டன. வலது கை மட்டும் முஷ்டியாக மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் ஆஸ்பத்திரியில் வேறொரு தெரபிஸ்ட் ஆறு வாரம் பார்த்தார். கடிதத்தில் இருந்த நாட்கள் அத்தோடு முடிந்தன. புதுக் கடிதத்துக்கு டாக்டரைப் பார்க்க இரண்டரை மாதம் காத்திருக்க வேண்டும். வரிசை அப்படி. ஆனால் முதல் ஆறு மாதத்தில் திறக்காத கை பிறகு திறப்பது கடினம் என்பது டீச்சருக்குத் தெரியும். இரண்டரை மாதத்தை வீணாக்க அவருக்கு மனது வரவில்லை.

காலை ஆறு மணிக்கு அண்ணன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். சமையலறை மேஜைதான் சிகிச்சை மேஜை. விரலைப் பிடித்து இழுக்காமல், கட்டை விரலின் அடியைப் பிடித்து மெல்ல விரிப்பார். உள்ளங்கையை மேஜையில் பதித்து, அண்ணியின் உடம்புப் பாரத்தை அதன் மேல் சாய்க்கச் சொல்வார். பிறகு துணிக் கிளிப், ஈரத் துண்டு, பாட்டில் மூடி.

“கொல்றடி நீ” என்பார் அண்ணி.

“கொல்றதுன்னா இவ்வளவு காலையில எந்திரிச்சு வருவேனா அண்ணி? பிழியுங்க.”

என்ன செய்தோம், எத்தனை தடவை, எந்த விரல் எவ்வளவு திறந்தது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி வாரியாக எழுதி வைத்தார். அது கவுன்சிலின் படிவம் இல்லை. கடைசிப் பக்கங்களில் அண்ணன் மகள் வரைந்த பூனைகூட இருந்தது. இரண்டரை மாதம் கழித்து டாக்டர் கையைப் பார்த்தார். “நல்லா வருதே, இதையே செய்யுங்க” என்று வாயால் சொல்லி அனுப்பினார். கடிதம் எழுதவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

ஏழாவது மாதம் அண்ணி தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டார். கரண்டி பிடித்தார். கையெழுத்துப் போட்டார், கொஞ்சம் கோணலாக. டைப் அடிக்க மட்டும் வரவில்லை. நாள் முழுக்க அடிக்க வேண்டிய வேலை. பத்து நிமிடத்தில் விரல்கள் மடங்கிவிடும்.

அங்கேதான் பிசகியது. இனி அந்தக் கையால் எந்த வேலையும் செய்ய முடியாது என்று சான்று கொடுத்தால் வேலையிலிருந்து ஓய்வும், ஆயுசுக்கும் மாதா மாதம் உதவித்தொகையும் கிடைக்கும் என்று ஒரு இன்ஷூரன்ஸ் திட்டம் இருந்தது. அண்ணன் விண்ணப்பித்தார். ‘சிகிச்சை அளித்தவர்’ என்ற இடத்தில் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் பெயரையும் உரிம எண்ணையும் எழுதிவிட்டார். அறிக்கை கேட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து டீச்சருக்குக் கடிதம் வந்தது. அன்று மாலையே அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் மேஜைக்கு எதிரில் நின்றுதான் பேசினார்கள்.

“கை வேலை செய்யலைன்னு ஒரு வரி எழுதும்மா. அவ்வளவுதான்.”

“கை வேலை செய்யுதேண்ணே. டைப் அடிக்க முடியாது, அதை எழுதறேன். வேற வேலை செய்யலாம், அதையும் எழுதணும்.”

“வேற வேலைன்னா? இந்த வயசுல கோர்ட்டுல ஃபைல் கட்டு தூக்கச் சொல்லுவாங்க. நீ எழுதுவியா, மாட்டியா?”

“பொய் எழுதினா என் உரிமம் போயிடும்ணே.”

“உன் உரிமம் பெரிசா, உங்க அண்ணி பெரிசா?”

டீச்சர் இரண்டு நாள் யோசித்து, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். டைப் அடிக்க இயலாது, அன்றாட வேலைகள் செய்ய இயலும், மாற்று வேலை பரிசீலிக்கலாம். கம்பெனிக்காரர்கள் கடைசி வரியை மட்டும் படித்தார்கள். விண்ணப்பம் தள்ளுபடி. மாற்று வேலையாவது கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு காகிதம் வந்ததோடு சரி.

யாரோ ஒரு வக்கீல் அண்ணனுக்கு வழி சொன்னார். அறிக்கை எழுதினவரே விதியை மீறினவர் என்று காட்டிவிட்டால் அந்த அறிக்கை செல்லாது. புதிதாக வேறொருவர் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

கவுன்சிலின் பதிவுத் தபாலை வாங்கி டீச்சரிடம் கொடுத்தது நான்தான். புகாரின் நகல் உள்ளே இருந்தது. டாக்டர் கடிதம் இல்லாமல், நெருங்கிய உறவினருக்கு, வீட்டில் வைத்து, உரிய பதிவு இல்லாமல் ஏழு மாதம் சிகிச்சை. எல்லாமே நிஜம். டீச்சர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். அடியில் அண்ணியின் கையெழுத்து.

“சுழி நல்லா வந்திருக்கு சார்” என்றார். “போன மாசம்கூட அந்தச் சுழி வரலை.”

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பதிவேடு பற்றிச் சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணி வலது கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கவிட்டு அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டீச்சரை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“டாக்டர் கடிதம் இருக்கிறதா?” என்றார் தலைவர்.

“இல்லை சார்.”

“படிவம்?”

டீச்சர் அந்த நோட்டை எடுத்து வைத்தார். யாரும் கேட்காமல் அவராகவே கொண்டு வந்தது. ஒழுங்காக எழுதி வைத்ததைப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தார், பாவம். உறுப்பினர் ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேதிகளை எண்ணினார். “நூற்றுத் தொண்ணூற்றாறு தடவை” என்றார். ஒவ்வொரு தேதியும் ஒரு மீறல். அவர்களுக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை.

“இப்போது கையை அசைக்க முடிகிறதா அம்மா?” என்று தலைவர் அண்ணியைக் கேட்டார்.

“முடியலைங்க” என்றார் அண்ணி. குரல் வெளியே வரவில்லை. இன்னொரு முறை கேட்டதும், “முடியலைங்க” என்று உரக்கச் சொன்னார்.

“சாட்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்று டீச்சரைக் கேட்டார்கள்.

நான் பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டேன். “கேளுங்க டீச்சர். இந்தப் புகார்ல கையெழுத்துப் போட்டது யாருன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க.”

“கேட்க ஒண்ணும் இல்லைங்க” என்றார் டீச்சர்.

படியிறங்கும்போது நான் ஆத்திரத்தில் கத்தியேவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “கோர்ட்டு ஊழியர் சார் அவங்க. பொய் சொன்னாங்கன்னு ஆச்சுன்னா பென்ஷனும் போயிடும், வேலையும் போயிடும். அதுக்கா அந்தக் கையைத் திறந்துவிட்டேன்?”

ஒரு வருடம் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். ஆஸ்பத்திரி அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிட்டது. கம்பெனி அந்த அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு, எட்டு மாதம் கழித்துப் புதிய பரிசோதனை என்று தேதி கொடுத்தது.

டீச்சர் ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் விற்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஆலோசனை சொல்லக்கூட அவருக்கு உரிமை இல்லை. விலை சொல்லலாம், பில் போடலாம். ஒரு நாள் நான் போயிருந்தபோது வயதான ஒருவர் தோள் ஏறி நிற்க, தன் உயரத்துக்குப் பொருந்தாத கோலை ஊன்றிக்கொண்டு புறப்பட்டார். டீச்சர் வாயை மூடிக்கொண்டு பார்த்தார், வாசல் வரை பார்த்தார், பிறகு பொறுக்க மாட்டாமல் ஓடிப்போய், “ஐயா, ஒரு துளை கீழ இறக்கிக்கங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம், கடைக்குத் தபால்காரர் வரும்போதெல்லாம் முகம் வெளுத்துப்போகும் என்று கடைக்காரர் என்னிடம் சொன்னார்.

இந்தப் பக்கம் அண்ணி என்ன ஆனார் என்பதை அண்ணன் மகள் வந்து சொல்லித்தான் தெரியும். பரிசோதனைக்கு முன்னால் யாராவது பார்த்துவிட்டால்? எதிர்வீட்டுக்காரர் போட்டோ எடுத்துவிட்டால்? அண்ணன் பயந்தார். தூளியைக் கழற்றக் கூடாது என்றார். மாடியில் துணி காயப்போடக் கூடாது, ஜன்னல் பக்கம் நின்று தலை வாரக் கூடாது. முதலில் வெளியே போகும்போது மட்டும் தூளி. பிறகு வீட்டிலும். பயன்படுத்தாத கை சும்மா இருக்குமா? விரல் ஒவ்வொன்றாக உள்ளே திரும்பியது. மணிக்கட்டு மடங்கியது. எட்டு மாதம் கழித்துப் பரிசோதிக்க வந்தவர் முஷ்டியைத் திறக்கப் பார்த்தபோது அண்ணி வலியில் அலறிவிட்டாராம். கை முற்றிலும் செயலற்றது என்று அவர் எழுதினார். அப்போது அது பொய்யாக இருக்கவில்லை. உதவித்தொகை வந்துவிட்டது.

வருடம் முடிந்ததும் நாற்பது மணி நேரம் தொழில் ஒழுக்க வகுப்பில் உட்கார்ந்து, தேர்வு எழுதி, டீச்சர் உரிமத்தைத் திரும்ப வாங்கினார். ஆள் பற்றாக்குறை. ஆஸ்பத்திரி அவரை மறுபடி எடுத்துக்கொண்டது. நான் இனிப்பு வாங்கிப் போனேன். “நோயாளிங்க முன்னால வேண்டாம் சார், தப்பா எடுத்துப்பாங்க” என்றார்.

திரும்பி வந்தவர் வேறு ஆள். முன்பு கையைப் பிடித்துக்கொண்டுதான் பேரே கேட்பார். இப்போது முதலில் கடிதம், பிறகு படிவம், பிறகு இன்னொரு படிவம். ஒரு தச்சர் நூறு மைல் பயணம் செய்து வந்தார். கடிதம் இரண்டு நாள் முன்பு காலாவதியாகியிருந்தது. அவர் கெஞ்சக் கெஞ்ச டீச்சர் திருப்பி அனுப்பினார். அந்த வருடம் கவுன்சிலிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் அவருடைய பதிவேட்டை எடுத்துப் போய், இப்படித்தான் எழுத வேண்டும் என்று புதியவர்களுக்குக் காட்டினார்கள். அதைக் கேட்டு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மழை பிடித்த ஒரு மத்தியானம் அண்ணி தனியாக வந்தார். முந்தானைக்குள் கையை மறைத்திருந்தார். இடது கையால் ஒரு டாக்டர் கடிதத்தை எடுத்து என் மேஜையில் வைத்தார். தேதி, முத்திரை, எல்லாம் சரியாக இருந்தது.

டீச்சர் வெளியே வந்தார். கடிதத்தைப் படித்தார்.

“உறவுக்காரங்களை நான் பார்க்கக் கூடாது அண்ணி.”

“உறவுன்னு இன்னும் நினைக்கிறியாடி?”

அண்ணி முந்தானையை விலக்கினார். நகங்கள் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகியிருந்தன. இரவில் வலி தாங்கவில்லை, அந்தக் கையைக் கழுவக்கூட விரலைப் பிரிக்க முடியவில்லை என்றார். “நீ தொட்டாத் திறக்கும். ஒரு தடவை தொட்டுப் பாரு.”

டீச்சர் குனிந்து பார்த்தார். நன்றாகப் பார்த்தார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

“எலும்பு மூட்டே இறுகிடுச்சு. யார் தொட்டாலும் முழுசாத் திறக்காது. வலி குறையும், கழுவற அளவுக்கு விரியும். அதுக்கு வேற ஆஸ்பத்திரியில ஒருத்தர் இருக்காங்க, எழுதித் தர்றேன்.”

எழுதிக் கொடுத்தார். அண்ணி அதை வாங்கி, படிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். குடையை விரிக்க முடியாமல் வாசலில் தடுமாறினார். வாட்ச்மேன் விரித்துக் கொடுத்தார்.

“சும்மா ஒரு தடவை தொட்டிருக்கலாமே டீச்சர்” என்றேன். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“தொட்டா எழுதணும் சார்” என்றார்.

அண்ணி அந்த வேறு ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனதாகவும் பிறகு போகவில்லை என்றும் அண்ணன் மகள் சொன்னாள். அவள் இப்போது கல்லூரி முதல் வருடம். என்ன படிப்பு என்று கேட்டேன். கணக்கியல் என்றாள். அத்தை மாதிரி இதைப் படித்திருக்கலாமே என்றேன், பேச்சுக்காக. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.