எந்த மேரிக்கும் சம்பந்தமில்லை

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து என் நாத்தனாரின் மருமகள் வந்திருந்தாள். கடல் பார்க்க வேண்டும் என்றாள். ஆட்டோ பிடித்தோம். பீச் ரோடு பக்கம் திரும்பியதும் டிரைவர் தலையைத் திருப்பாமலே, "மேரிகிட்ட நிறுத்திக்கட்டுமா, இல்ல இன்னும் கொஞ்சம் போவணுமா?" என்று கேட்டார். மேரிகிட்டேயே நிறுத்தச் சொன்னேன். அவள் என் காதருகே குனிந்து, "யாருங்கத்தை மேரி? தெரிஞ்சவங்களுங்களா?" என்று கேட்டதுதான் தாமதம், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஆட்டோக்காரரும் சேர்ந்துகொண்டார். பாவம், அவள் முகம் சிவந்துவிட்டது.

மேரி என்பது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். நகராட்சிக் கட்டடத்துக்குப் பெயர். புதுச்சேரியில் எங்களுக்கு மேரி என்ற பெண்களும் உண்டு, மேரி என்ற கட்டடமும் உண்டு. எந்த மேரி என்று யாரும் யாரையும் கேட்டதில்லை, பேச்சிலேயே புரிந்துவிடும். புரியாத மனிதர் ஒருவர், கல்யாணத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஆபீஸில் வந்து உட்கார்ந்தாரே, அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

ஆபீஸ் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நடந்த மாலைப் பத்திரிகை அது. முன்னறையில் நாங்கள், பின்னறையில் அச்சு இயந்திரம். மை வாசனையும் மீன் வாசனையும் கலந்து அடிக்கும். அரியாங்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்பினால் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பேப்பர்ல வேலன்னுதானே போன? வஞ்சிரம் வெட்டிட்டு வர்றவ மாதிரி வர்றியே" என்பாள். உலகத்தையே புரட்டிப் போடும் கட்டுரைகள் எழுதும் கனவோடு சேர்ந்தவள் நான். எனக்குக் கொடுத்த வேலை மார்க்கெட் நிலவரம். முருங்கைக்காய் விலை ஏறியதா இறங்கியதா என்பதை மக்களுக்கு அறிவித்துக்கொண்டிருந்தேன். அதையும் என்ன கர்வத்தோடு செய்தேன் என்கிறீர்கள்!

தென்காசியிலிருந்து ஆறுமுகம் என்று ஓர் உதவி ஆசிரியர் புதிதாகச் சேர்ந்தார். நல்ல மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் பேனாவை எடுத்துவிட்டால் ஆளே வேறு. தெருவில் இரண்டு நாய் சண்டை போட்டால்கூட அவர் கையில் அது 'பயங்கர மோதல்' ஆகிவிடும். செய்திக்குக் கண், காது, மூக்கு வைப்பதில் சூரர். வைத்துவிட்டுக் கடைசியில் 'எனக் கூறப்படுகிறது' என்று ஒரு முத்திரை குத்துவார். அந்த ஒரு சொல் இருந்தால் எந்தக் கோர்ட்டும் நம்மை ஒன்றும் செய்ய முடியாது என்பது எங்கள் தொழிலில் அப்போது பலருக்கும் இருந்த நம்பிக்கை. எங்கள் முதலாளிக்கும் இருந்தது. அவர்தான் ஆசிரியரும்.

ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்தை முடிக்கிற அவசரத்தில் எங்கள் நிருபர் லூர்து எங்கேயோ ஒரு பூத்திலிருந்து போன் செய்தார். "பீச்சாண்ட மேரி வாசல்ல ரெண்டு பேரு தண்ணியப் போட்டுட்டு ரகள. சட்டையெல்லாம் கிழிச்சிக்கிட்டானுங்க. போலீஸ் அள்ளிக்கினு போயிடுச்சு. நாலு வரி போட்டுக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வெளியூரிலிருந்து குடிக்க வருகிறவர்கள் எங்கள் ஊரில் சட்டை கிழித்துக்கொள்வது ஒன்றும் புதிதில்லை. நாலு வரிக்கு மேல் அதற்கு மரியாதையும் இல்லை.

ஆறுமுகம் நாலு வரியோடு விடுவாரா? முதல் பக்கத்தில் கட்டம் கட்டி வந்தது செய்தி. 'மேரி வீட்டு வாசலில் வாலிபர்கள் கட்டிப்புரண்டு சண்டை!' உள்ளே, கடற்கரை அருகே வசிக்கும் மேரி என்ற பெண்ணிடம் யார் முதலில் பேசுவது என்பதில் இருவருக்கும் தகராறு ஏற்பட்டதாகக் கூறப்படுகிறது.

சாயங்காலம் லூர்து வந்து பேப்பரைப் பிரித்தார். குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. "யோவ், மேரின்னா முனிசிபாலிட்டிய்யா!" என்று கத்தினார். ஆறுமுகத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அசடு வழிந்தார் பாருங்கள், அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நாங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். முதலாளியும் சிரித்தார். கட்டடம் வந்து கேஸ் போடப் போகிறதா என்ன!

கட்டடம் வரவில்லை. மறுநாள் காலையில் மேரி வந்துவிட்டார்.

ஐம்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கழுத்தில் சிலுவை, கையில் எங்கள் பேப்பர். ஒரு காலத்தில் பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றில் சமையல் செய்தவர், அதனால் ஆண்களை 'முசே' என்று கூப்பிடுவார். எங்கள் முதலாளியை அப்படி மரியாதையாகக் கூப்பிட்டது அவர் ஒருவர்தான், அதுவும் திட்டுவதற்காக.

"முசே, நான்தான் மேரி. பீச்சுக்கு ரெண்டு தெரு தள்ளி வேலைக்குப் போற புள்ளைங்களுக்கு ஹாஸ்டல் வெச்சிருக்கேன். என் வாசல்ல எவன் வந்து கட்டிப்புரண்டான்?"

எங்கள் சிரிப்பெல்லாம் எங்கே போய் ஒளிந்ததோ தெரியவில்லை. கடற்கரை அருகே, மேரி, வீடு நிறைய இளம்பெண்கள். இதைவிடக் கச்சிதமாகப் பொருந்த வேறு என்ன வேண்டும்? காலையிலிருந்து பால்காரன் முதல் பக்கத்து வீட்டுக்காரி வரை ஒரு மாதிரி பார்க்கிறார்களாம். பெண்களின் வீடுகளிலிருந்து போன் மேல் போன்.

முதலாளி விஷயத்தைச் சொன்னார். மேரி என்றது கட்டடத்தை, உங்களை இல்லையம்மா. அந்த அம்மாள் அப்படியே நின்று பேப்பரில் விரலை வைத்தார். "சரி, அது கட்டடம். இவகிட்ட யாரு மொதல்ல பேசறதுன்னு தகராறுன்னு போட்டிருக்கே, கூறப்படுகிறதுன்னு. யாரு கூறுனா? அவன் பேரச் சொல்லுங்க, நான் போயி கேட்டுக்கறேன்."

யார் கூறினார்? ஆறுமுகம் மேசையைப் பார்த்தார். முதலாளி ஆறுமுகத்தைப் பார்த்தார். நான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முருங்கைக்காய் விலையைப் பார்த்தேன்.

முதலாளி உள்ளே போய் வக்கீலுக்குப் போன் போட்டுவிட்டுத் தெம்பாக வெளியே வந்தார். திருத்தம் போட்டால் தப்பை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும், அந்தம்மா கேஸ் போட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், வாயைத் திறக்காதீர்கள் என்பது வக்கீலின் யோசனை. வாயைத் திறக்காதே என்றதை முதலாளி அப்படியே மேரியம்மாளிடம் திறந்து சொல்லிவிட்டார். அவர் குணம் அப்படி.

"கேஸு போட்டு தீர்ப்பு வர்றதுக்குள்ள என் ஹாஸ்டல்ல பல்லிதான் குடியிருக்கும் முசே" என்றார் அவர்.

"சரிம்மா, உள்பக்கத்துல சின்னதா, அந்த மேரி இவர் அல்லன்னு போட்டுடறோம்."

"இவ இல்லன்னா, அப்ப எந்த மேரின்னு ஊரு தேடாதா? குருசுக்குப்பத்துல ஒரு மேரி இருக்கா, நெல்லித்தோப்புல ஒரு மேரி இருக்கா. அவளுங்க என்னா பாவம் செஞ்சாளுங்க? போடறதுன்னா மொதப் பக்கத்துல, அதே எடத்துல போடுங்க. எந்த மேரியும் இல்லன்னு போடுங்க."

முதலாளி என் பக்கம் திரும்பி, "நீ பொம்பளப் புள்ள, அம்மாகூடப் போயி சமாதானமாப் பேசிட்டு வா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதும்போது பொம்பளைப் பிள்ளை ஞாபகம் வரவில்லை, சமாதானத்துக்கு மட்டும் வந்துவிட்டதா! இருந்தாலும் போனேன்.

ஹாஸ்டலில் செல்வி என்ற பெண் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். திண்டிவனம் பக்கத்துக் கிராமம். சேதராப்பட்டில் ஏதோ கம்பெனியில் வேலை. சமையலறையிலிருந்து நெத்திலிக் குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது, யாரும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. "நாளைக்குக் காலைல அப்பா வர்றாருக்கா. கூட்டிக்கினு போயிட்டாருன்னா அவ்ளோதான், திரும்ப அனுப்பமாட்டாரு. மாப்ள பாத்துடுவாரு" என்றாள். அவள் வயதுதான் எனக்கும். எங்கள் வீட்டில் அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி நான் வேலைக்கு வந்த கதை எனக்கல்லவா தெரியும்! அவள் போனால் அடுத்தவளும் போவாள், பிறகு மேரியம்மாளுக்கு அந்த வீடு எதற்கு? சமாதானம் பேச வாய் வரவில்லை. ஓட்டமும் நடையுமாக ஆபீஸுக்குத் திரும்பினேன்.

முதலாளி மசியவில்லை. "நம்மள நாமளே மொதப் பக்கத்துல திட்டிக்கணுமா? ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டுமே சார். இப்ப அந்தம்மாவப் பாத்து சிரிக்குது. அதுக்கு நம்மளப் பாத்துச் சிரிக்கட்டும்." எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஆறுமுகம் எழுந்தார். "நானே எழுதுதேன் சார். ஊருக்குப் புதுசா வந்தவன் பண்ணுன தப்புன்னே போடுதேன். வேண்டாம்னு சொன்னியன்னா நான் இன்னைக்கே தென்காசிக்கு வண்டி ஏறுதேன்." அன்றைய பக்கம் பாதிதான் முடிந்திருந்தது. அவர் போய்விட்டால் மீதியை முடிக்க ஆளில்லை. முதலாளி கையைத் தலைக்குமேல் தூக்கி, "என்னமோ செய்யுங்க" என்றார்.

அதே இடம், அதே அளவு. 'மேரி பெண் அல்ல, கட்டடம்!' இவ்வூர் மக்கள் மேரி என்று சொல்வது நகராட்சிக் கட்டடத்தையே. ஊருக்குப் புதியவரான எங்கள் உதவி ஆசிரியர் அதைப் பெண் என நினைத்துவிட்டார். பெண்ணைப் பற்றித் தகராறு என்று யாரும் எங்களிடம் கூறவில்லை, அதை நாங்களே எழுதினோம். இந்த ஊரின் எந்த மேரிக்கும் இதில் சம்பந்தமில்லை. மன்னிக்கவும்.

அடடா, அன்று சாயங்காலம் ஊர் சிரித்த சிரிப்பு! டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். ஆபீஸுக்குப் போன் செய்து, "மேரி வீடுங்களா? அவங்களக் கூப்பிடுங்க" என்று எத்தனை பேர் கலாய்த்தார்கள். முதலாளி போனை எடுக்கவே பயந்தார்.

ஞாயிறு காலை மனசு கேட்காமல் ஹாஸ்டலுக்குப் போனேன். செல்வியின் அப்பா முறைத்த முகத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மேரியம்மாள் திருத்தம் வந்த பேப்பரை நீட்டினார். அவர் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு, "கட்டடத்துக்கா சண்ட போட்டுக்கினானுங்க?" என்று கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சாப்பிட்டுவிட்டுத் தனியாகத்தான் ஊருக்குப் பஸ் ஏறினார். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வந்தது என்று தெரியாமலே.

அதற்கப்புறம் ஆபீஸில் யார் 'கூறப்படுகிறது' என்று எழுதினாலும் லூர்து அங்கிருந்தே, "யாரு கூறுனா?" என்று குரல் கொடுப்பார். நிறையச் செய்திகள் நாலு வரியாகச் சுருங்கிப்போயின. பத்திரிகை இப்போது இல்லை. அந்தச் சந்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். மேரியம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆறுமுகம் ஊரோடு இருக்கிறார், பண்டிகைக்குப் பண்டிகை போன் செய்து "மேரி சௌரியமா?" என்று கேட்பார்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். யாரோ ஒருத்தி செய்த மோசடியைப் பற்றிய வீடியோவில், போனில் செய்தி போடுகிற சேனல் ஒன்று தவறாக இவள் படத்தைப் போட்டுவிட்டது. பழைய பத்திரிகைக்காரி என்று என்னைத் தேடி வந்திருந்தாள். போய்ப் பார்க்கலாம் என்றால் முகவரி இல்லை. எழுதினோம், பதில் இல்லை. சில நாளில் சத்தமில்லாமல் வீடியோவை எடுத்துவிட்டார்கள். அப்பாடா என்றேன் நான்.

"என்னாக்கா அப்பாடா?" என்றாள் அவள். "தப்பாப் போட்டுட்டோம்னு ஒரு வார்த்த சொல்லலியே. சொல்லாம எடுத்ததால, நான்தான் யாரையோ புடிச்சி எடுக்க வெச்சேன்னு இப்ப பேசிக்கிறாங்க."