இரண்டு வீட்டுக்கு ஒரு உடல்

எங்கள் குடும்பத்தில் கடலை நம்பாமல் சம்பளத்துக்கு வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். மருத்துவ பீடமொன்றில் உடற்கூற்றியல் விரிவுரையாளர். கோயிலில் ஆரும் கேட்டால், பிள்ளை டொக்டர்மாருக்குப் படிப்பிக்கிறாள் என்று அம்மா சொல்லுவா. தம்பிக்கு அந்தப் பூச்செல்லாம் கிடையாது. அக்கா சவம் அறுக்கிறா என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அவன் காணாமல் போன வருடம் எங்கள் துறையில் நான் கிட்டத்தட்டத் தனியாளாகியிருந்தேன். நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்த பிறகு, கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட்டார்கள். அவர்கள் எடுத்த பாடங்களும் என் தலையில் விழுந்தன. காலையில் விரிவுரை, அது முடியப் பிரேதங்களை அறுத்துப் படிக்கும் மண்டபம், பின்னேரம் இன்னொரு பிரிவுப் பிள்ளைகளுக்கு வகுப்பு. சாப்பாட்டுப் பார்சல் மேசையிலேயே ஆறிக் கிடக்கும். கையுறை முடிந்துபோன கிழமைகளில் பிள்ளைகள் மேசையைச் சுற்றிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, நான் ஒருத்திதான் தொட்டுக் காட்டுவேன். சனிக்கிழமை ஊருக்குப் போகக் கற்பிட்டிப் பஸ் ஏறினால் பாலாவி சந்தி வரும்வரை நித்திரைதான்.

தம்பியும் அவனுடைய கூட்டாளியும் ஒரே படகில் மீன் பிடிக்கப் போனவர்கள். கூட்டாளி பக்கத்து ஊர் முஸ்லிம் பொடியன். இருவருக்கும் ஒரே வயது, ஏறக்குறைய ஒரே உயரம். காற்று மாறிய ஒரு நாளில் போனவர்கள் திரும்பவில்லை. படகு மட்டும் கவிழ்ந்தபடி அகப்பட்டது. ஊர்ப் படகுகள் எல்லாம் தேடின, கடற்படையும் தேடியது. பிறகு ஒவ்வொரு படகாகத் தங்கள் தொழிலுக்குத் திரும்பின. அம்மா மட்டும் அவனுடைய சாப்பாட்டைக் கோப்பையில் போட்டு மூடி வைப்பதை விடவில்லை.

இரண்டாவது கிழமை, நான் வகுப்பில் நிற்கும்போது போன் வந்தது. எலுவன்குளத்துக்கு அங்கால், காட்டோரக் கரையில் ஒரு உடல் ஒதுங்கியிருக்கிறதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட்டார்களாம். பேசியது என் மச்சாள், தம்பியின் மனைவி. நீங்கள் வந்து பாருங்க, உங்களுக்குத்தான் உடம்பு தெரியும் என்றாள்.

பிரேத அறை வாசலில் ஒரு பக்கம் என் மச்சாளும் அவளுடைய அண்ணன்மாரும் நின்றார்கள். மற்றப் பக்கம் மர வாங்கொன்றில் கூட்டாளியின் வாப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று கதைக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் பழக்கம் இல்லாமல் இல்லை. பெருநாளுக்கு அவர்கள் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும், கிறிஸ்மஸுக்கு நாங்கள் கேக் அனுப்புவோம். அன்றைக்கு வந்திருந்தது ஒரேயொரு உடல்.

பொறுப்பாயிருந்த இளம் டொக்டர் ஒரு காலத்தில் என் மாணவர். வெளியே வந்து சிங்களத்தில் எனக்கு மெதுவாக விளக்கினார். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மரபணுப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் போகும். உடம்பில் நிச்சயமான அடையாளம் ஏதும் குடும்பத்துக்குத் தெரிந்தால் சொல்லுங்கள் மேடம், இரண்டு பேரும் சேர்ந்தே பார்ப்போம் என்றார்.

நான் உள்ளே போகத் திரும்பியபோது மச்சாள் என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்தாள்.

"அவர்தான் எண்டு சொல்லுங்க மச்சாள்."

இன்னும் பார்க்கவில்லையே என்றேன்.

"பாத்தாலும் பாக்காட்டியும் அவர்தான் எண்டு சொல்லுங்க. எனக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்ய ஒண்டு வேணும். பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் கரைக்குப் போய் நிக்குதுகள்."

நான் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன்.

எத்தனையோ வருடம் பிரேதங்களோடு வேலை செய்தவள் நான். ஆனால் எங்கள் மேசைக்கு வருபவர்கள் மருந்தேற்றி, அமைதியாகி வருபவர்கள். கடல் வைத்திருந்து கொடுத்த உடல் வேறு.

தம்பிக்கு அடையாளம் உண்டு. சின்னவனாய் இருக்கும்போது மதிலால் விழுந்து இடப்பக்கக் காறை எலும்பை உடைத்துக்கொண்டவன். முறிவு வைத்தியர் கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகப் பொருந்தி, கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் ஒரு மேடு தங்கிவிட்டது. அது எனக்கு ஞாபகத்தில் மட்டும் இருந்த விஷயமில்லை. முந்தின வருடம் அவன் எனக்குக் கருவாடு கொண்டுவந்த நாளில், உயிருள்ள உடம்பில் எலும்புகளைத் தடவிப் படிக்கும் வகுப்பு இருந்தது. அவனைச் சேட்டைக் கழற்றச் சொல்லிக் கதிரையில் இருத்திவிட்டேன். பிள்ளைகள் வரிசையாக வந்து அந்த மேட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். கூச்சத்தில் அவன் நெளிந்துகொண்டே இருந்தான். நானும் தொட்டுத்தான் பாடம் சொன்னேன்.

டொக்டர் துணியை விலக்கினார். கையுறை போட்ட விரலால் இடது காறை எலும்பை உள்முனையிலிருந்து வெளிமுனைவரை தடவினேன். இயல்பான வளைவோடு, வழுவழுப்பாக இருந்தது. வலப் பக்கமும் பார்த்தேன். திரும்ப இடப் பக்கம். எங்கேயாவது ஒரு மேடு தட்டுப்படாதா என்று என் விரல் தேடியது. அது என் தம்பியாக இருக்க வேண்டும் என்றுதான் அந்த நேரம் நான் மன்றாடினேன், அவன் செத்துப்போயிருக்க வேண்டும் என்று. டொக்டரும் தடவிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தேன்.

வெளியே வந்து தம்பி இல்லை என்றேன். மச்சாள் அழவில்லை. அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். வாப்பா எழும்பி என் பக்கமாக வந்தார்.

"மகள், எண்ட புள்ளைக்கு ரெண்டு காலிலயும் ரெண்டாவது விரலும் மூணாவது விரலும் ஒட்டித்தான் இருக்கும். பொறக்கக்குள்ளயே அப்பிடித்தான். அதப் பாத்துச் சொல்றீங்களா?"

திரும்பவும் உள்ளே போனோம். விரல்கள் ஒட்டித்தான் இருந்தன, இரண்டு காலிலும்.

நான் அதைச் சொன்னதும் அவர் ஓதிக்கொண்டே சுவரில் சாய்ந்தார். பிறகு மச்சாளைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். பின்னேரமே அவர்கள் மகனின் மையித்தைக் கொண்டுபோய் அடக்கினார்கள். எங்கள் ஊர் ஆட்களும் போனார்கள். நானும் போய் அந்த வீட்டுப் பெண்களோடு இருந்தேன். அவனுடைய உம்மா அழுது அழுது களைத்து, கடைசியில் நித்திரையாகிப்போனதைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மச்சாள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"நீங்க படிச்ச படிப்பு அவங்களுக்குத்தான் உதவினது."

அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. அம்மாவும் உடல் கிடைக்காமல் அவனுக்கு ஆத்துமாப் பூசை வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தா. பங்குச் சுவாமி வந்து சொல்லியும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை வேலைக்குத் திரும்பினேன். புதிய வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு உடல் வரவிருந்தது. தானமாக எழுதிவைத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மகன் வேனில் கொண்டுவந்தார். தகப்பனின் நெற்றியைத் தடவி, தலைமுடியை ஒதுக்கி, காலைத் தொட்டுக் கும்பிட்டார். கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டார். வழக்கமாக நான் அந்த இடத்தில் குடும்பத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். கொடுப்பதற்கு அவரிடம் ஒரு உடல் இருந்தது என்ற பொறாமைதான் எனக்கு வந்தது. உதவியாளர் நிலைமையைப் பார்த்து எனக்குப் பதிலாகப் பேசினார். நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் வந்து தட்டினார்கள். போய் வகுப்பு எடுத்தேன்.

சில மாதங்களுக்குப் பிறகு மன்னார்ப் பக்கம் ஒரு உடல் கிடைத்ததாகச் செய்தி வந்தது. நான் ஊர்ப் பஸ் தரிப்பிடத்துக்குப் போனபோது மச்சாள் எனக்கு முதலே அங்கே நின்றாள். ஏறி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். மன்னாரில் பிரேத அறைக்குள் அவளும் என்னோடு வந்தாள். நான் எலும்பைத் தடவும்போது என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதுவும் அவன் இல்லை. திரும்பி வரும் வழியில் என் தோளில் தலையைச் சாய்த்தாள், இறங்கும்வரை எடுக்கவில்லை.