நான் அடைத்து வைத்த பூனை

பெரியாற்று அணை வேலைக்கு என் வீட்டுக்காரர் மலையேறிப் போன வருஷம், அனுமந்தன்பட்டி வீட்டில் நான் தனியாக இருந்தேன். யாருக்கும் பழகாத சாம்பல் நிறப் பூனை ஒன்று தினமும் கொல்லைக்கு வரும். நான் வைக்கும் மோர்ச்சோற்றைத் தின்னும். தொடப் போனால் சீறும். ஆனாலும் என்னைத் தேடி வந்த உயிர் அது ஒன்றுதான்.

அதை என்னோடே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். ஒருநாள் கருவாட்டைக் காட்டி உள்ளே வரவழைத்துக் கதவைச் சாத்தினேன். கதவைப் பிராண்டிப் பிராண்டிக் கத்தியது. பழகிவிடும் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அன்றிரவு நல்ல மழை.

காலையில் பக்கத்து வீட்டு செபஸ்தியம்மாள் ஓடி வந்தாள்.

"ஆத்தா, பூனையை அடைச்சா வச்சிருக்க? அங்கன வைக்கப்படப்புல மூணு குட்டி நனைஞ்சு செத்துக் கெடக்கு. கண்ணுகூடத் தெறக்கல."

கதவைத் திறந்தேன். பூனை வைக்கோல் படப்புக்குப் பாய்ந்தது. குட்டிகளை நக்கி நக்கிப் பார்த்தது. பிறகு ஒன்றை மட்டும் கவ்விக்கொண்டு வேலி தாண்டிப் போனது. மற்ற இரண்டையும் நான் புதைத்தேன். அது திரும்பி வரவே இல்லை.

ஊர் திரும்பிய வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லி அழுதேன்.

"குட்டி போட்டது உனக்குத் தெரியாதுல்ல" என்றார்.

தெரியாதுதான். ஆனால் அது அப்படிக் கதறியபோது, எதற்காகக் கதறுகிறது என்று நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.