வெல்டிங் வைக்காத பட்டை

வண்டிக்கு அடியில் படுத்து எழுகிறவன் 'மாற்று' என்றால் கொள்ளைக்காரன், 'மாற்ற வேண்டாம்' என்றால் வேலை தெரியாதவன். உங்கள் தொழிலில் நல்ல பெயர் வாங்குவது சுலபமென்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

வளைகுடாவில் பல வருடம் கார் பட்டறையில் இருந்துவிட்டு, அனுமந்தன்பட்டி ரோட்டோரம் ஷெட் போட்டேன். அங்கே தேய்ந்ததையெல்லாம் கழற்றி எறியச் சொன்னார்கள். இங்கே உடைந்ததையெல்லாம் ஒட்டச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நான் ஆள் இல்லை.

ஒரு ரப்பர்

பழனிசெட்டிபட்டி ஜவுளிக்கடைக்காரரின் காரில் முன்சக்கரத்தில் 'டக் டக்'. "ஆர்ம், ஷாக் அப்சார்பர் எல்லாத்தையும் மாத்தணும்னு ஒரு எடத்துல சொன்னாக" என்றார். அடியில் பார்த்தால், சக்கரத்தைத் தாங்கும் அந்த ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ் மட்டும் கிழிந்திருந்தது. பழசைத் தட்டி எடுத்துப் புதுசை ஏற்றினேன். கம்பம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். சத்தம் இல்லை, அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை.

"இம்புட்டுத்தானா? நீங்க ஒழுங்காப் பாக்கலையோ?"

பதினோரு ஜீப்

முருகன் தினமும் கம்பம்மெட்டு மலைரோட்டில் ஏறி, ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களைக் கொண்டுபோகிறவன். அவன் ஜீப்பின் முன்பக்க ஸ்பிரிங்கில், பாரம் தாங்கும் மெயின் பட்டையில் மயிரிழை விரிசல். மாற்றினால் ஒரு நாள் வண்டி நிற்கும். நின்றால் அவன் ஆட்களை வேறு ஜீப் ஏற்றிக்கொள்ளும். ஆகவே, "சீசன் முடியுற வரைக்கும் ஒரு வெல்டிங் வையுங்கண்ணே."

வெல்டிங் சூட்டில் பட்டையின் முறுக்கு போய்விடும். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே உடையும். உடைந்தால் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். மெட்டு ரோட்டில் அந்த ஒருபக்கம் பள்ளம். மாட்டேன் என்றேன். என் ஷெட்டுக்குப் பாதி வேலை அவன் ஸ்டாண்டிலிருந்துதான் வருகிறது என்பது அவனுக்கும் தெரியும்.

"எங்க ஸ்டாண்டுல பதினோரு ஜீப்பு. ஒண்ணுகூட இனிமே இங்கன நிக்காது, பாத்துக்கங்க."

பேச்சியம்மா அக்காவின் நகம்

சொன்னபடியே ஒன்றும் நிற்கவில்லை. இரண்டு வாரம் ஸ்பேனர்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கினேன். வெல்டிங் மிஷினை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

ஒரு சாயங்காலம் முருகனே வந்தான், மெட்டிலிருந்து இறங்கிய பெண்களோடு. "முன்னாடி ஆடுது, பட்டை போல்ட்டை மட்டும் முறுக்கி விடுங்கண்ணே, ஆளுக உள்ள இருக்காக." பட்டையில் வேறு யாரோ வைத்த வெல்டிங். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். ஒட்டுக்கு விரற்கடை தள்ளிப் புதுக்கோடு. "இதை நான் தொட மாட்டேன்" என்றேன், உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

அந்தப் பெண்களில் ஒருவரான பேச்சியம்மா அக்கா பின்னாலிருந்து இறங்கினார். குனிந்து, அந்தக் கோட்டில் நகத்தை வைத்தார். நகம் உள்ளே போனது.

"நாளைக்குத் தாங்குமா?"

"தெரியாதுக்கா. நானா இருந்தா ஏற மாட்டேன்."

மற்றவர்களையும் இறங்கச் சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டார்.

"ஏலே முருகா, இப்ப நாங்க பஸ்ஸுல போறோம், நாளைக்கு வேற ஜீப்புல போறோம், நீ பட்டையை மாத்திட்டு வா, அப்புறம் ஏறுறோம்."

எதை மாற்றுவது, எதை விடுவது என்று இப்போதெல்லாம் நான் ஓட்டுகிறவனிடம் வாதாடுவதில்லை, பின்னால் உட்காருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டிவிடுகிறேன்.