மொட்டை பேங்கின் முதல் கண்ணாடி

வெறும் கூடத்தில் பதினொரு வாளிகளில் ஒரே சமயத்தில் தண்ணீர் சொட்டும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். தகர வாளியில் விழும் சொட்டுக்கு ஓர் ஓசை, பிளாஸ்டிக் வாளியில் விழுவதற்கு வேறோர் ஓசை, வாளி நிறைய நிறைய இரண்டுமே கனத்துக்கொண்டு போகும். ஐப்பசி மழையில் கொடைக்கானல் முழுக்க மேகத்துக்குள் போய்விடுகிற நாட்களில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த வாளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கவிழ்த்துவிட்டு வருவது என் வேலை. வீட்டு வேலைதான், ஆனால் நாங்கள் இருந்தது வீடல்ல. ஏரிக்கு மேலே மேட்டில், கைவிடப்பட்டு நின்ற ஒரு வங்கிக் கட்டடத்தின் பின்பக்க அறை.

ஊரில் அதை "மொட்டை பேங்கு" என்பார்கள். கருங்கல் சுவரும் சரிந்த தகரக் கூரையுமாகவே வீடு கட்டிப் பழகிய ஊரில், சென்னையிலிருந்து வந்த ஒரு கட்டடக் கலைஞர் தட்டையான கான்கிரீட் கூரையைப் போட்டு, சுவர்களுக்குப் பூச்சும் இல்லாமல் பலகை அச்சு அப்படியே தெரிய விட்டுவிட்டுப் போயிருந்தார். "பூச மறந்துட்டுப் போயிட்டாங்க" என்று சந்தைக்கு வருகிறவர்கள் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். ஏரியைப் பார்த்த பக்கம் முழுவதும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. கூரையில் வட்டவட்டமான துளைகள், அவற்றிலும் கண்ணாடி. வெயிலடிக்கும் நாளில் மொசைக் தரையில் வெளிச்ச வட்டங்கள் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரை நோக்கி நகரும். அவ்வளவு அழகான கட்டடம் மழைக்கு மட்டும் லாயக்கில்லாமல் போயிற்று. தட்டைக் கூரையில் தண்ணீர் தேங்கி, ஒழுகி, பேரேடுகள் நனையத் தொடங்கியதும் வங்கி கடைத்தெருவுக்கு மாறிவிட்டது. அங்கே பியூனாக இருந்த என் அப்பா சூசையைக் காவலுக்கென்று இங்கேயே நிறுத்தினார்கள். அம்மாவுக்கு ஒரு விடுதிச் சமையலறையில் வேலை. நான் ஒரே பிள்ளை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டு மழை நிற்கவே இல்லை. ஒருநாள் பிற்பகல், எங்களுக்குக் கீழே இருந்த சரிவு மண்ணோடு இறங்கி, அங்கிருந்த மூன்று தகரக் கொட்டகைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டில் அப்போது ஆளில்லை. மூன்றாவதில் இருந்த பாக்கியம், சத்தம் கேட்டதும் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்ததால் பிழைத்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் அவளுடையது. கணவன் இறந்துவிட்டான். தைல மர இலை பொறுக்கிக் கட்டுக்கட்டாகத் தைலம் காய்ச்சும் கொட்டகைக்குச் சுமந்து பிழைத்துவந்தாள். மூத்தவள் தவமணிக்கு என் வயது. தம்பிக்கு இரண்டு வயதிருக்கும்.

மூவரும் நனைந்து எங்கள் வாசலில் வந்து நின்றபோது அப்பா அதிகம் யோசிக்கவில்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டு, "உள்ள போங்க. மழை விட்டதும் பாத்துக்கலாம்" என்றார்.

சாயங்காலம் வந்த அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு எங்கள் இரண்டு கம்பளிகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அப்பாவிடம் மட்டும் தாழ்ந்த குரலில், "கேட்டு விட்டிருக்கலாமேங்க" என்றாள்.

"யார்கிட்டக் கேக்குறது? கேட்டா வேணாம்பாங்க" என்றார் அப்பா.

அந்தக் கட்டடத்தில் சொட்டாத ஒரே இடம் பணம் வைக்கும் பெட்டக அறைதான். சன்னல் இல்லாத அறை. அதன் இரும்புக் கதவு துருப்பிடித்து மூட முடியாமல் பாதியில் நின்றிருந்தது. பாக்கியம் அதற்குள் குடியேறினாள். அதை அவள் "காம்பரா" என்றாள். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அறையை அப்படித்தான் சொல்வார்களாம். "நம்ம காம்பராவுல ஒரு சொட்டு இல்ல பாத்தீங்களா" என்று அவள் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பதினொரு நாள் அவர்கள் அங்கே இருந்தார்கள். அதுவரை எனக்கு விளையாடத் துணை என்று யாரும் இருந்ததில்லை. நானும் தவமணியும் கூடம் முழுக்க ஓடினோம். பணம் வாங்கும் கம்பி வலைக்குப் பின்னால் நான் நின்றால், அவள் முன்னால் நின்று கையெழுத்துப் போடுவதுபோல் காற்றில் எழுதுவாள். வாளிகளையும் சேர்ந்தே கவிழ்த்தோம். வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார், நானும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் அந்தச் சின்னவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. விறகெல்லாம் நனைந்து ஊறிக் கிடந்தது. அப்பா கூடத்துக்குள் போனார். முன்பு காசாளர் உட்கார்ந்திருந்த நீண்ட தேக்கு மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடப்பாரையை இடுக்கில் கொடுத்துப் பக்கப் பலகைகளைத் தன் கையாலேயே பெயர்த்தார். "எப்படியும் செல்லு அரிச்சதுதான்" என்று பாக்கியத்திடம் சொன்னார். அது பொய். பலகை நல்ல பலகை; அன்று முழுக்க நின்று எரிந்தது.

பதினோராம் நாள் காலை, நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் நேரத்தில், கடைத்தெருக் கிளையிலிருந்து ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கட்டடத்தை விற்பதற்காகப் பார்வையிடத் திண்டுக்கல்லிலிருந்து அதிகாரிகள் வந்துகொண்டிருக்கிறார்கள், மலையேறிவிட்டார்கள், ஒரு மணி நேரத்தில் இங்கே இருப்பார்கள் என்று சொல்லிவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அப்பா உள்ளே போய், "வெரசா கெளம்பு பாக்கியம். ஆளு வருது" என்றார்.

"ஐயா, பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது. இன்னைக்கு ஒரு நாளு பொறுங்கய்யா" என்றாள் அவள்.

அப்பா வெளியே வந்தார். பக்கவாட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். பூச்செடி வரம்பிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கதவையொட்டியிருந்த பெரிய கண்ணாடியில் ஓங்கி எறிந்தார். கண்ணாடி ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு மொத்தமாக உள்பக்கம் சரிந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. திரும்பியவர் புத்தகப் பையோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"பாப்பா, நீ ஒண்ணும் பாக்கல" என்றார்.

அதிகாரிகள் வந்தார்கள். உடைந்த கண்ணாடியையும் பலகை பெயர்க்கப்பட்ட மேசையையும் பெட்டக அறைக்குள் அடுப்புக் கரியையும் பார்த்தார்கள். காலையில் வந்து பார்த்தபோதுதான் தனக்கே தெரிந்தது, ராத்திரி கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். பாக்கியம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். எங்கே நின்று யாரிடம் பேசுவது என்று தெரியாதவள்போல அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அதிகாரிகளில் மூத்தவர் என் பக்கம் குனிந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "பாப்பா, இவங்கள முன்னாடி பாத்திருக்கியா? இந்தப் பொண்ணத் தெரியுமா?"

தவமணி எனக்கு நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். என் பழைய ஸ்வெட்டர் அவள் மேல் இருந்தது.

"தெரியாது சார்" என்றேன்.

போலீஸ் ஜீப் வந்து மூவரையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. அன்று மாலை எல்லாவற்றையும் கேட்ட அம்மா அழவில்லை, கத்தவில்லை. "நீங்க பயந்தீங்க, சரி. பச்சப்புள்ளயையும் அதுல சேத்துட்டீங்களே" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. அப்பாவின் வேலை நிலைத்தது. எனக்குப் பள்ளிக் கட்டணத்துக்குக் குறைவில்லாமல் இருந்தது.

கட்டடம் விற்கவும் இல்லை. நிலத்தில் ஏதோ வில்லங்கம் என்றார்கள். உடைந்த கண்ணாடிக்குப் பதில் அப்பா ஒரு தகரத்தை வைத்து அடித்தார். அடுத்த காற்றில் அது பறந்தது. அந்த ஓட்டை வழியாக மழை வந்தது, பிறகு குரங்குகள் வந்தன, பிறகு குடிக்கிறவர்கள் வந்தார்கள். ஒரு கண்ணாடி இல்லாத கட்டடத்தில் மற்றக் கண்ணாடிகளை உடைக்க யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை. நான் பள்ளி முடிப்பதற்குள் ஏரிப் பக்கம் முழுவதும் திறந்துவிட்டது. கான்கிரீட் வெடித்துக் கம்பி வெளியே வந்தது, வட்டத் துளைகளிலிருந்து பெரணிச் செடிகள் தொங்கின, மழைக்கு ஒதுங்கிய காட்டெருமை ஒன்று முன்மண்டபத்தில் அசையாமல் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்பா ஓய்வு பெற்றதும் நாங்கள் வத்தலக்குண்டுக்கு இறங்கிவிட்டோம். அங்கே ஒரு மருந்துக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பாவும் நானுமாகத்தான் இருக்கிறோம்.

சென்ற ஆண்டு, மொட்டை பேங்கை இடிக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அப்பா தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தோம். கூரை ஒரே நாளில் விழுந்துவிட்டதாம். பெட்டக அறைதான் உடையாமல் மூன்றாம் நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் இயந்திரம் அதைக் கொத்துவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. சென்னையிலிருந்து வந்த சில இளைஞர்கள் கேமராவோடு நின்றார்கள். இந்த மாதிரிக் கட்டடம் இந்தப் பக்கத்திலேயே இது ஒன்றுதான், காப்பாற்றியிருக்க வேண்டும் என்று உண்மையான வருத்தத்தோடு பேசினார்கள். அதில் ஒரு பையன் அப்பாவிடம், தான் பழைய ஆட்களிடம் விசாரித்ததைச் சொன்னான்: "ரொம்ப நல்லாத்தான் இருந்திருக்கு தாத்தா. யாரோ ஒரு பொம்பள கண்ணாடிய உடைச்சு உள்ள புகுந்து, மேசையெல்லாம் எரிச்சிருக்கா. அதுலேர்ந்துதான் சீரழிஞ்சுபோச்சாம்."

அப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பையன் கேமராவோடு நகர்ந்து போனான்.

"பாக்கியம் இருக்காளான்னு விசாரிக்கணும் பாப்பா" என்றார். அத்தனை வருடங்களில் அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

சந்தையில் தைலம் விற்கும் பெரியவர் ஒருவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரிந்திருந்தது. பாக்கியம் இறந்துவிட்டாள், மகளைக் கவுஞ்சிக் கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது என்றார். அடுத்த வாரம் நான் மட்டும் பஸ் ஏறினேன்.

தவமணி ஒட்டன்சத்திரம் போகும் லாரிக்காகக் கேரட்டைத் தரம் பிரித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நான் பெயரைச் சொல்வதற்கு முன்பே, "ஸ்டெல்லா தான" என்றாள். உட்காரச் சொன்னாள். கை வேலையை நிறுத்தவில்லை. பஸ்ஸில் வரும்போதே ஒழுங்குபடுத்தி வைத்திருந்ததையெல்லாம் நான் சொன்னேன்: அப்பா கல்லை எறிந்ததை, அதை நான் பார்த்ததை, பிறகு தெரியாது என்று சொன்னதை. கட்டடத்தை இடித்துவிட்டார்கள் என்பதையும்.

அவள் கையிலிருந்த மூட்டையைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு எதுக்கு இதச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. நான் உள்ளதான இருந்தேன். தெரியாதவங்ககிட்டல்ல நீங்க சொல்லியிருக்கணும்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. பிறகு, விலாவாரியாக இல்லாமல், நடந்ததைச் சொன்னாள். பலகை திருடிய வழக்கில் அவள் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு நடையாய் நடந்தது. தைலக் கொட்டகையில் திருட்டுப் பொம்பளைக்கு வேலை இல்லை என்று அவளை நிறுத்திவிட்டார்கள். தம்பி பிழைத்துக்கொண்டான், திருப்பூரில் இருக்கிறான். "அம்மா கடேசி வரைக்கும் உங்கப்பாவ ஒண்ணும் பேசல. பிள்ளைக்கு அனலு போட்டுக் குடுத்த மனுசன்னுதான் சொல்லும். எனக்குத்தான் மனசு ஆறல" என்றாள்.

லாரி வந்துவிட்டது. எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். நான் குடிக்கவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை.

வீட்டில் அப்பா காத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். "சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நீ எழுது. என் பேரப் போட்டே எழுது" என்றார்.

இப்போது அந்த மேட்டில் ஒன்றுமில்லை. நீலத் தகரம் சுற்றி அடித்திருக்கிறார்கள், விடுதி வரப்போகிறதாம். கூடமும் பெட்டக அறையும் மண்ணாகக் கீழே எங்கோ ஒரு பள்ளத்தை நிரப்பப் போய்விட்டன. விசாரித்த அதிகாரிகளில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அந்தக் கட்டடத்தைப் பற்றி இனி எழுதுகிறவர்கள், முதலில் யாரோ ஒரு பெண் கண்ணாடியை உடைத்தாள் என்றே எழுதுவார்கள். அதனால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணாடியை உடைத்தவர் என் அப்பா சூசை. பலகையைப் பெயர்த்தவரும் அவர்தான். அப்பா திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் பாக்கியம் உள்ளே வந்தாள். அவளை எனக்குத் தெரியும். அவள் மகளையும் தெரியும்.